ஏலக்காய்க் கடைக்கு லேப்டாப்: புதுசா, கம்பெனி கழிச்ச பழசா?

கம்பம்_ஏலக்காய்:
வணக்கம். கம்பத்துல சின்ன ஏலக்காய்க் கடை வச்சிருக்கேன். ஐப்பசி இடியில கடைக் கம்ப்யூட்டர் போயிருச்சு. கரண்டு லைன்ல வரல, இன்டர்நெட் ஒயர் வழியா இறங்கி போர்டை எரிச்சிருச்சு. இந்தத் தடவை லேப்டாப்தான். டாலி சாஃப்ட்வேர்ல கணக்கு, சரக்கு ஏத்திட்டுப் போக இ-வே பில், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், எடைச்சீட்டு பிரிண்ட், இவ்வளவுதான் வேலை. ஏலம் கேக்க போடியிலயும் புத்தடியிலயும் மையத்துலயே கம்ப்யூட்டர் இருக்கு. ஆனா வாரம் ரெண்டு நாள் குமுளி ஏறி, வண்டன்மேடு பக்கம் தோட்டத்து ஸ்டோர்ல உட்கார்ந்து எடை பார்த்து பில் போடணும். 50 கிலோ மூட்டை ஒன்னே 50,000 ரூபாயைத் தாண்டிரும், இ-வே பில் இல்லாம மலை இறங்க முடியாது.

கையில 60,000 இருக்கு. டவுன் கடையில புது மாடல் ஒன்னு 58,000 சொல்றாங்க, மெலிசா அழகா இருக்கு. சிநேகிதர் ஒருத்தர், கம்பெனிக கழிச்சுவிட்ட பழைய லெனோவா திங்க்பேட் டி480 வாங்குங்க, 25,000க்குள்ள முடியும்ங்கறார். மச்சினன் ஆப்பிள் மேக் வாங்கச் சொல்றான். எது சரி?

போடி_சர்வீஸ்:
அண்ணே, மேக் பேச்சை இதோட விட்ருவோம். டாலி பிரைம் விண்டோஸ்லதான் நேரா ஓடும்.

மத்த ரெண்டுல நான் டி480 பக்கம். 2018ல வந்த மாடல். அடிமூடியக் கழட்டினா ராம் போட ரெண்டு ஸ்லாட் இருக்கும், ஹார்டு டிஸ்க்கையும் மாத்தலாம். லேன் ஒயரை நேரா குத்தலாம். பேட்டரி ரெண்டு, ஒன்னு உள்ள, ஒன்னு பின்னால. ஸ்டோர்ல கரண்டு இல்லாத நாள்ல மெஷினை அணைக்காமலே பின்பேட்டரியை மட்டும் மாத்திக்கலாம். வேற எது இந்த வேலையைச் செய்யும்?

மெலிசு மாடல் பலதுல ராமை போர்டோட சேர்த்து ஈயம் வச்சு ஒட்டிடறான், தனியா மாத்த முடியாது. போன வாரம் மொச்சை வியாபாரி ஒருத்தர் கொண்டு வந்தார். 8 ஜி.பி. ராம் போர்டுலயே இருக்கு, அதுல கோளாறு. போர்டு விலை சொன்னதும் மனுசன் முகம் வாடிப்போச்சு.

கணக்கு_எழுதறவன்:
தம்பி, தொழில் தெரிஞ்சு சொல்றீங்க, மறுக்கல. ஆனா ஏழு வருசம் ஓடின மெஷினை கடையோட மொத்தக் கணக்குக்கும் நம்பச் சொல்றது தப்பு.

விலையையும் சரியாப் போடுங்க. 58,000ல 18 சதவீத வரி உள்ள இருக்கு, 8,847 ரூபாய். கடையோட ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு பில் வாங்கினா அது உள்ளீட்டு வரியா திரும்பிரும். உண்மையான செலவு 49,153தான். வருமான வரியில வருசம் 40 சதவீதம் தேய்மானமும் உண்டு. பழசு விக்கறவர் தன் லாபத்துக்கு மட்டும் வரி கட்டற முறையில பில் போட்டா உங்களுக்கு வரி ஒரு பைசா வராது.

2022ல நானும் ஒரு பழசு வாங்கினேன். வாங்கின மூணாம் மாசம், 20ஆம் தேதி, மாசாமாசம் போடற 3பி ரிட்டர்னைத் தாக்கல் பண்ணக் கடைசி நாள். ராத்திரி ஒன்பது மணிக்கு திரை கருத்துப் போச்சு. நான் கணக்கு எழுதற மூணு பேரோட ரிட்டர்ன் நின்னு போச்சு. தாமதக் கட்டணம் நாளைக்கு 50 ரூபாய்தான், வட்டியும் சின்னதுதான். மறுநாள் அவங்க முகத்தைப் பார்க்கத்தான் முடியல.

இடுக்கி_ஸ்டோர்:
நான் மலை மேல இருந்து எழுதறேன். கணக்கண்ணே, புதுசுன்னா உடனே ஆள் வருவான்னு நினைக்கறீங்க. எனக்கு 'வீட்டுக்கே வந்து சரி பண்ணுவோம்'னு வாரண்டி போட்டுத்தான் வித்தாங்க. கம்பெனி பேர் வேண்டாம். கீபோர்டு போனதுக்கு, வண்டிப்பெரியாறு தாண்டி வரமாட்டோம், மெஷினை அனுப்புங்கன்னாங்க. 11 நாள் பில்லைக் கையாலதான் எழுதினேன். வாங்கறதுக்கு முன்னால உங்க பின்கோடுக்கு ஆள் வருவாங்களான்னு எழுத்துல கேளுங்க. கம்பம் பின்கோடும் எங்க பின்கோடும் ஒன்னு இல்ல.

குமுளி, கட்டப்பனையில விலை குறையுதுன்னு வாங்கினா இன்னொன்னு பாருங்க. பில்லுல சி.ஜி.எஸ்.டி., கேரளா எஸ்.ஜி.எஸ்.டி.ன்னு போட்டா தமிழ்நாட்டுப் பதிவுக்காரருக்கு அந்த வரி கிடைக்காது. கம்பம் முகவரிக்கு அனுப்பி, மாநிலம் விட்டு மாநிலம் விக்கறதுக்கான ஐ.ஜி.எஸ்.டி. போடச் சொல்லுங்க.

இ-வே பில் ஓ.டி.பி.யும் இங்க தொல்லை. 2025 ஏப்ரல்ல இருந்து எல்லாருக்கும் கட்டாயம், ஸ்டோர்ல சிக்னல் இருக்காது. என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு ஆப் போனுக்கு நெட் இல்லாமலே ஓ.டி.பி. காட்டும். லேப்டாப்புக்கு நெட் வேணும், அதுக்கு எந்த சிம் எடுக்குதுன்னு தோட்டத்துல நின்னு பாருங்க.

போடி_சர்வீஸ்:
வரி விசயத்துல கணக்கண்ணன் சொன்னது சரி, நான் யோசிக்கல. ஆனா 60,000ல ரெண்டு டி480 வருமே! ஒன்னு கடையில, ஒன்னு பையில. ஒன்னு படுத்தா இன்னொன்னு.

கணக்கு_எழுதறவன்:
டாலி சில்வர் லைசென்ஸ் ஒரு நேரத்துல ஒரு மெஷின்லதான் ஓடும், தம்பி. சரண்டர் பண்ணி மாத்தலாம், சரி. கடையில ஒரு கணக்கு, மலையில ஒரு கணக்குன்னு டேட்டா ரெண்டா பிரிஞ்சா மார்ச்ல யார் சேர்க்கறது? நான்தான் சேர்க்கணும். இந்த வருசமே ரெண்டு பேருக்குச் சேர்த்தேன்.

போடி_சர்வீஸ்:
டேட்டாவைப் பென்டிரைவ்லயே வச்சு ஓட்டாம, தினம் சாயங்காலம் பேக்கப் எடுத்தா அது நடக்காது. ஒரு மெஷின்தான் எழுதும், ரெண்டாவது ஸ்டெப்னி மாதிரி சும்மா இருக்கும்.

பழசு வாங்கற எல்லாருக்கும் ஒன்னு. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11க்கு இன்டெல் ப்ராசசர்ல எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். அதனால ஏழாம் தலைமுறை மெஷினெல்லாம் சந்தையில மலிவா வருது. கடைக்காரர் 'ஐ5 சார்'னு நிறுத்திக்குவார். அடுத்த நம்பரைப் பாருங்க. 7200ன்னா ஏழாம் தலைமுறை, வச்சிட்டு வந்திருங்க; 8350ன்னா எட்டாம் தலைமுறை, பேசலாம். மெஷின் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ் செட்டிங்ல பழைய கம்பெனி பாஸ்வேர்டு இருக்கான்னு திறந்து காட்டச் சொல்லுங்க. பேட்டரி ரிப்போர்ட்ல புதுசுல இருந்த கொள்ளளவும் இப்ப நிக்கற கொள்ளளவும் பக்கத்துல பக்கத்துல வரும், பாதிக்குக் கீழ போயிருந்தா பேட்டரி விலையைக் கழிச்சுக் கேளுங்க.

கம்பம்_ஏலக்காய்:
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். கடைக்குப் புதுசுதான், ஆனா அந்த மெலிசு மாடல் இல்ல. ராம் மாத்தற மாதிரி பிசினஸ் வரிசை மெஷின், கம்பம் பின்கோடுக்கு ஆள் வர்ற வாரண்டி, ஜி.எஸ்.டி. பில். மலைக்கு அதையே தூக்கிட்டுப் போறேன். ஏலக்காய் சீசன்ல ஒரு நாள் நின்னாலும் தாங்காது, அதனால ஸ்டெப்னிக்கு ஒரு டி480 பார்க்கலாம்னு இருக்கேன், கொஞ்சம் கடன் வாங்கியாவது. போடித் தம்பி, ஞாயிறு கடை உண்டா?

கணக்கு_எழுதறவன்:
ஸ்டெப்னிக்குக் கடன் வாங்காதீங்க. சீசன் முடியட்டும்.

போடி_சர்வீஸ்:
ஞாயிறு மதியம் வரைக்கும் இருப்பேன், அண்ணே. எரிஞ்சு போன கம்ப்யூட்டரையும் கொண்டு வாங்க. போர்டு போனாலும் டிஸ்க் பிழைச்சிருக்கலாம், பிழைச்சிருந்தா பழைய டாலி டேட்டாவை எடுத்துத் தர்றேன்.