இடிஎஃப் என்பதற்குச் 'சந்தைவழி நிதியம்': ஒரு முன்மொழிவு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பங்குச் சந்தையில் பங்கைப் போலவே வாங்கி விற்கப்படும் நிதியாகிய இடிஎஃப் (எக்ஸ்சேஞ்ச் டிரேடட் ஃபண்ட்) என்பதை நாளிதழ்கள் பலவும் 'பரிமாற்ற வர்த்தக நிதி' என்று எழுதிவருகின்றன. புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல்லை மாற்றுவானேன் என்று முந்தைய மடலில் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். புழக்கம் என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளிவிடுபவன் அல்லன். 'பங்கு', 'தரகு', 'ஈவுத்தொகை' முதலிய சொற்களை எந்தக் குழுவும் கூடி உட்கார்ந்து நிலைநாட்டவில்லை. வாங்குவோரும் விற்போரும் பேசிப் பேசி நிலைநாட்டினார்கள். ஆனால் 'பரிமாற்ற வர்த்தக நிதி' அப்படிப் பேச்சில் ஊறி வந்த சொல் அன்று. எழுத்தில் மட்டுமே இருக்கிறது. எழுத்திலும் பொருளைத் திரித்துக் காட்டுகிறது.

உலகச் சந்தைகளின் வார நிலவரம் குறித்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் எழுதும் குறிப்பை, எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் அச்செடுத்துப் படிப்பார். சென்ற மாதம் அந்தத் தாளை மடித்து எடுத்துவந்து, 'பரிமாற்ற' என்ற சொல்லின் கீழ் சிவப்பு மையால் தாம் இட்டிருந்த கோட்டைக் காட்டி, "தம்பி, பரிமாற்றம்னு போட்டிருக்கீங்களே, எதைக் கொடுத்து எதை வாங்கிக்கிறாங்க?" என்று கேட்டார். பங்குச் சந்தையில் பங்குகளைப் போலவே வாங்கி விற்கப்படும் நிதி என்பதுதான் பொருள் என்று சொன்னேன். "அதைத்தானே சொல்லு சொல்லணும்?" என்றார். அவர் கேட்டது முற்றிலும் சரி.

ஆங்கிலத் தொடரின் முதற்சொல்லான 'எக்ஸ்சேஞ்ச்' அங்கே ஒரு செயலைக் குறிக்கவில்லை. நியூயார்க், டொராண்டோ, ஹாங்காங், மும்பை ஆகிய நகரங்களில் இயங்கும் பங்குச் சந்தை என்னும் இடத்தைக் குறிக்கிறது. இடப்பெயரைச் செயற்பெயராகப் பெயர்த்ததால் முதற்கோணல் நேர்ந்தது. 'வர்த்தக நிதி' என்ற பின்பகுதியோ, அந்த நிதியே அன்றாடம் வர்த்தகம் செய்வதைப் போன்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. சந்தையின் போக்கை அளக்கும் குறியீட்டெண்ணைப் பின்பற்றும் நிதி தன்னிடமுள்ள பங்குகளை இயன்றவரை தொடாமல் வைத்திருக்கிறது. நாள் முழுதும் கைமாறுபவை, அந்த நிதியில் நமக்குரிய கூறைக் குறிக்கும் அலகுகளே.

மூன்றாவது சிக்கல் நடைமுறையில் இன்னும் கடுமையானது. ஐரோப்பாவில் விற்கப்படும் இடிஎஃப்களில் ஒரு வகை, குறியீட்டெண்ணின் பங்குகளை நேரடியாக வாங்காமல், அதன் வருவாயை வங்கி தருவதாக ஒரு வங்கியோடு 'ஸ்வாப்' (ஒரு வருவாயைக் கொடுத்து மற்றொரு வருவாயைப் பெறும்) ஒப்பந்தம் செய்துகொள்கிறது. ஸ்வாப் என்பதற்குப் 'பரிமாற்றம்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை. அந்தச் சொல்லை நாம் ஏற்கெனவே இடிஎஃபுக்குச் செலவழித்துவிட்டால், இந்த வகையைப் 'பரிமாற்ற ஒப்பந்தவழிப் பரிமாற்ற வர்த்தக நிதி' என்று எழுத வேண்டிவரும். ஒரே தொடரில் ஒரே சொல் இரு வேறு பொருளில் வருவதை எந்த வாசகரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆங்கிலத்திலேயே இந்த முதலீடுகள் இந்தப் பெயரோடு பிறக்கவில்லை என்பதையும் நினைவிற்கொள்ளலாம். 1990ஆம் ஆண்டு டொராண்டோ பங்குச் சந்தையில் வந்த முன்னோடிக்குப் 'பங்கேற்பு அலகு' என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. 1993 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணை ஒட்டித் தொடங்கப்பட்ட ஸ்பைடர், 'வைப்பு ரசீது' என்ற பொருள் கொண்ட தொடரின் சுருக்கம். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான நேதன் மோஸ்ட் அதற்கு முன்பு பண்ட வணிகத்தில் இருந்தவர். சரக்கைக் கிடங்கில் வைத்துவிட்டு, அதற்கான ரசீதை மட்டும் கைமாற்றி வணிகம் செய்யும் முறையைக் கண்டிருந்தவர். ஸ்பைடரிலும் இதே முறைதான்: பெரிய தரகு நிறுவனம் பங்குகளை உரிய விகிதத்தில் திரட்டி நிதியிடம் ஒப்படைக்கிறது. ஈடாக ஸ்பைடரின் 50,000 அலகுகளை ஒரே தொகுப்பாகப் பெற்றுக்கொள்கிறது. வேண்டும்போது அலகுகளைத் திருப்பிக் கொடுத்துப் பங்குகளை மீட்டுக்கொள்கிறது. கிடங்கும் ரசீதும் போன்ற இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துத்தான் குழுவில் ஒருவர் 'பங்குக்கூடைச் சீட்டு' என்று முன்மொழிந்தார் என்று எண்ணுகிறேன். அழகான சொல். ஆயினும் தங்கத்தை வைத்திருக்கும் இடிஎஃபில் பங்கும் இல்லை, கூடையும் இல்லை. மேலும் 'சீட்டு' என்றவுடன் தமிழ்நாட்டில் ஏலச்சீட்டுதான் எவருக்கும் நினைவுக்கு வரும். முதலீட்டுச் சொல்லில் அந்த நினைவைக் கிளறுவது நல்லதன்று.

எனவே நான் முன்வைப்பது 'சந்தைவழி நிதியம்'. 'சந்தை' இடத்தைச் சொல்கிறது. 'வழி' அதை வாங்கும் முறையைச் சொல்கிறது. வழக்கமான பரஸ்பர நிதியின் அலகை நிதி நிறுவனத்திடம் விண்ணப்பித்து வாங்குகிறோம், நாள் முடிவில் கணக்கிடப்படும் விலைக்கு. இதையோ சந்தையின் வழியாக, அந்த நொடியில் விற்க முன்வருபவரிடம், அவர் கேட்கும் விலைக்கு வாங்குகிறோம். வாசகர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே. 'நிதி' என்று நிறுத்தாமல் 'நிதியம்' என்றதற்கும் காரணம் உண்டு. 'நிதி' என்பது பணத்தையும், நிதித்துறையையும், திரட்டிய தொகையையும் ஒருங்கே குறிக்கும் சொல். தனி அமைப்பாக நின்று நிருவகிக்கப்படுவதை 'நிதியம்' என்பது இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியம் முதல் இரு கரையிலும் வழங்கும் பன்னாட்டு நாணய நிதியம் வரை பழகியதுதான்.

இதற்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம், நானே சொல்லிவிடுகிறேன். மூடிய வகை நிதிகளும் சந்தையில் பட்டியலிடப்பட்டு, சந்தையின் வழியாகத்தான் வாங்கப்படுகின்றன. அவற்றில் புதிய அலகாக்கமும் மீட்பும் அன்றாடம் நடப்பதில்லை என்பதே வேறுபாடு. இந்த வேறுபாட்டை 'சந்தைவழி' காட்டாது. உண்மைதான், ஆனால் ஆங்கிலப் பெயரும் அதைக் காட்டுவதில்லை. வரையறை முழுவதையும் பெயரின் தலையில் ஏற்றினால் பெயர் நடக்காது.

'சந்தைவழி' என்ற முன்னொட்டின் உண்மையான பயன் குடும்பத்தைப் பெயரிடும்போது தெரிகிறது. சந்தையில் விற்கப்படும் இவ்வகை முதலீடுகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகிய இடிபி 'சந்தைவழி முதலீடு' ஆகும். பண்டங்களின் விலையை ஒட்டிய இடிசி 'சந்தைவழிப் பண்டப்பத்திரம்' ஆகும். வங்கி வெளியிடும் கடன் ஆவணமாகிய இடிஎன் என்பதற்குச் 'சந்தைவழிக் கடன்பத்திரம்' என்பதே பொருந்தும்; இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. திரையில் இடிஎஃபும் இடிஎன்னும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுக்கும் ஒரு குறியெழுத்து, ஒரு விலை, வாங்கு, விற்பு. ஆனால் முன்னதில் நம் அலகுக்குப் பின்னால் நிதியத்தின் பெயரில் தனியே காக்கப்படும் சொத்து இருக்கிறது. பின்னதில் ஒரு வங்கி எழுதித் தந்த வாக்குறுதி மட்டுமே இருக்கிறது. 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது, அது வெளியிட்டிருந்த இடிஎன்களை வைத்திருந்தவர்கள் ஈடின்றிக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் போய் நின்றார்கள். 'கடன்' என்ற சொல் பெயரிலேயே இருந்தாக வேண்டும். 'பரிமாற்ற வர்த்தகக் குறிப்பு' என்று ஓர் இணையப் பக்கத்தில் கண்டேன். தன் சேமிப்பைக் கடனாகக் கொடுக்கிறோம் என்பதை அதைப் படிப்பவர் எப்படி அறிவார்?

அடுத்து, வாரக் குறிப்பில் அடிக்கடி தேவைப்படும் ஓர் இணை. அலகின் சந்தை விலை அதன் நிகரச் சொத்து மதிப்பைவிட (உள்ளிருக்கும் சொத்துகளின் மதிப்பில் ஓர் அலகுக்கு உரிய பங்கைவிட) கூடியிருப்பதை 'பிரீமியம்' என்றும், குறைந்திருப்பதை 'டிஸ்கவுன்ட்' என்றும் சொல்கிறார்கள். இரண்டாவதற்குத் 'தள்ளுபடி' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தள்ளுபடி என்றால் ஆடி மாதத் துணிக்கடை. விற்பவர் மனமுவந்து குறைத்துத் தருவது. 2020 மார்ச் நடுவில் அமெரிக்காவின் பெரிய நிறுவனக் கடன்பத்திர இடிஎஃப் ஒன்று தன் சொத்து மதிப்பைவிடச் சுமார் 5 விழுக்காடு தாழ்ந்து விலைபோனது. யாரும் சலுகை தரவில்லை. உள்ளே இருந்த கடன்பத்திரங்கள் பல கைமாறாமல் உறைந்துகிடந்ததால் சொத்து மதிப்பு பழைய விலைகளை வைத்தே கணக்கிடப்பட்டது. அலகின் விலையோ அன்றைய அச்சத்தை அன்றே சொன்னது. மார்ச் 23 அன்று அமெரிக்க மைய வங்கி நிறுவனக் கடன்பத்திரங்களையும் அவற்றின் இடிஎஃப்களையும் வாங்கப்போவதாக அறிவித்தபின் நிலைமை தலைகீழாக மாறியது. 'மிகைவிலை', 'குறைவிலை' என்ற எளிய இணை இதற்குப் போதும் என்பது என் கருத்து. இந்திய வாசகருக்கு மிகைவிலையும் பட்டறிவே. பரஸ்பர நிதிகள் வெளிநாட்டில் முதலிடுவதற்கான 700 கோடி டாலர் உச்சவரம்பு நெருங்கிய காலங்களில் புதிய அலகாக்கம் தடைப்பட, அமெரிக்கக் குறியீட்டெண்ணான நாஸ்டாக் 100-ஐப் பின்பற்றி மும்பையில் விலைபோகும் இடிஎஃபின் அலகுகள் உள்ளிருக்கும் மதிப்பைவிட உயர்ந்த விலைக்குக் கைமாறின. 100 ரூபாய்ச் சொத்தை 110 ரூபாய்க்கு வாங்கியவருக்கு, நாஸ்டாக் அசையாமல் நின்றாலும், மிகைவிலை கரைந்த நாளில் இழப்பு நேரும்.

'டிராக்கிங் எரர்' குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'பின்தொடர் பிழை' என்ற மொழிபெயர்ப்பில் மேலாளர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்ற தொனி இருக்கிறது. இங்கு இருப்பவை இரண்டு அளவுகள். நிதியத்தின் வருவாய்க்கும் குறியீட்டெண்ணின் வருவாய்க்கும் உள்ள வேறுபாடு ஒன்று. அந்த வேறுபாடு நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுகிறது என்பதன் திட்ட விலக்கம் மற்றொன்று. முன்னதைக் 'குறியீட்டு இடைவெளி' என்றும் பின்னதை 'இடைவெளி அலைவு' என்றும் பிரித்தால் குழப்பம் தீரும்.

இறுதியாக, வார மாற்றம். வெள்ளி முடிவு விலையை முந்தைய வெள்ளியோடு ஒப்பிட்டு ஒரே எண்ணைத் தந்துவிட்டு 'வாராந்திர ஏற்ற இறக்கம்' என்று தலைப்பிடுகிறோம். 2024 ஆகஸ்டு 5, திங்களன்று ஜப்பானின் நிக்கேய் 225 குறியீட்டெண் 12.4 விழுக்காடு சரிந்தது, மறுநாளே 10.2 விழுக்காடு எழுந்தது. வார முடிவில் நிகர இறக்கம் ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான். அதே திங்களன்று 3 விழுக்காடு இழந்த எஸ் அண்ட் பி 500, வெள்ளியன்று முந்தைய வாரத்தைவிட வெறும் 0.04 விழுக்காடு கீழே முடிந்தது. அட்டவணையில் அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் உலகம் அமைதியாக இருந்த வாரம் என்றே நினைப்பார். இடையில் பதறி விற்றவர் ஒருவரும் அந்த எண்ணில் தெரியமாட்டார். ஆகவே 'வார நிகர மாற்றம்' என்றும் 'வார வீச்சு' என்றும் அட்டவணையில் இரு நெடுவரிசைகள் வேண்டும். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள தொலைவை 'வீச்சு' என்பது பள்ளிப் புள்ளியியல் பாடத்திலேயே உள்ளது. புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

வரும் சனிக்கிழமைக் குறிப்பில் 'சந்தைவழி நிதியம்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் இடிஎஃப் என்பதையும் சேர்த்துத் தர எண்ணியிருக்கிறேன். அதற்குமுன் இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஏடுகளில் கடன்பத்திரத்தைப் 'பிணைமுறி' என்று வழங்குவதால் இடிஎன்னை நீங்கள் 'சந்தைவழிக் கடன்முறி' என்றே எழுத விரும்பக்கூடும். தமிழ்நாட்டு வாசகருக்கு 'முறி' உடைதலையே நினைவூட்டும் என்பதால் நான் 'பத்திரம்' என்று வைத்தேன். 'கடன்பத்திரம்' என்றால் அங்கே வேறு ஏதேனும் ஆவணத்தைக் குறிக்குமா என்று தெரிவித்தால், வெள்ளி இரவுக்குள் அட்டவணையைத் திருத்திவிடுவேன்.