பத்து நாளாக மூச்சு விடாத குழாய்

குழாய் உடைந்தால் ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. தண்ணீர்க் குழாய், எண்ணெய்க் குழாய் இரண்டும் பார்த்திருக்கிறேன். இதில் பெரிய தொல்லை, நான் போய்ச் சேரும்போது உடைந்த குழாய் அங்கே இருக்காது. ஊருக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து வெல்டிங் அடித்து, மண்ணும் தள்ளியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தர்மபுரிப் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை, இன்னும் ஏறினால் எலும்பு வரைக்கும் போகும். குழாய்த் தண்ணீர் நின்றால் மறுபடி அந்த போர் தண்ணீர்தான்.

பென்னாகரம் தாண்டி ஒரு கரட்டு மேடு. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் இரும்புக் குழாய் அந்த மேட்டில் ஏறி இறங்குகிறது. எந்தத் திட்டம் என்பது வேண்டாம். ஒருநாள் ராத்திரி கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மேட்டின் அடிவாரத்தில் குழாய் வெடித்து ஒரு ராகிக் காடு முழுக்கச் சேறு.

மறுநாள் போனேன். ஆளுக்கொரு காரணம் தயாராக இருந்தது. அதிகாரிகளுக்கு வெல்டிங் சரியில்லை, கான்ட்ராக்டருக்கு யாரோ பொக்லைன் விட்டிருக்கிறார்கள், ஊர்க்காரர்களுக்கு மட்டமான இரும்பு. வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் அதைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தேன். கிலோ கணக்கில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த ரசீதை ஆடிட்டில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், அது தனிக் கதை.

உடைந்த வாயைக் கழுவிப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். புதிதாகப் பிளந்த இரும்பு பளபளப்பாக இருக்கும், பழைய விரிசல் துருவேறிக் கறுத்திருக்கும். இதில் வெல்டிங்கின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு. உருகி ஒட்டாமல் விட்ட இடம். மற்றதெல்லாம் பளபளப்பு. ஆக, வெல்டிங்கில் குறை இருந்தது உண்மை. அறிக்கையை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அதே குறையோடு எட்டு வருடம் ஓடிய குழாய் அன்றைக்கு ஏன் விட்டது? கலிபோர்னியாவில் சான் புருனோ என்ற ஊரில் 1956இல் பதித்த எரிவாயுக் குழாய் 2010 செப்டம்பரில் வெடித்து 8 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஆரம்பத்திலிருந்தே மோசமான வெல்டிங். வேறோர் இடத்தில் நடந்த மின்வேலையால் அழுத்தம் ஏறிய நாளில்தான் அது பிளந்தது. அதனால் கறுப்பைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடக் கூடாது.

மேட்டின் மேலே நடந்து போனேன். ஒரு ஆயா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி சத்தம் கேட்டுச்சா ஆயா?"

"கேக்காம இருக்குமா? ஆனா தம்பி, அது பத்து நாளாவே மூச்சு விடலயே."

"எது?"

"அதோ, அந்தத் தொட்டிக்குள்ள இருக்குதே அது. கரண்டு போனா புஸ்ஸுன்னு இழுக்கும், வந்தா விடும். ஆடுங்க மிரண்டு ஓடும். இப்பப் பத்து நாளா ஒரு ஆடும் மிரளல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது ஏர் வால்வை. பம்ப் திடீரென்று நின்றால் மேட்டின் உச்சியில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போய்விடும். அப்போது ஏர் வால்வு காற்றை உள்ளே இழுத்து அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். காற்று வராவிட்டால் தண்ணீர் அங்கே இரண்டாகப் பிரியும். பிரிந்தது திரும்பி வந்து மோதும்போதுதான் வாட்டர் ஹேமர். இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் சட்டென்று நின்றால் அழுத்தம் கிட்டத்தட்ட 10 பார் எகிறும், அதாவது 100 மீட்டர் உயரத் தண்ணீரின் கனம். அது அப்படியே கீழே ஓடிப் போய் இருப்பதிலேயே பலவீனமான இடத்தைத் தேடிப் பிடிக்கும்.

மூடியை நெம்பித் திறந்து பார்த்தேன். ஏர் வால்வு நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, குழாயோடு சேரும் இடத்தில் இருந்த சின்ன கேட் வால்வை இறுக மூடியிருந்தார்கள். அதை மூடினால் ஏர் வால்வு இழுக்கும் காற்று குழாய்க்குள் போகாது.

மூடியவரையும் பார்த்தேன். வால்வு ஆபரேட்டர், ஒப்பந்தக் கூலி. "பக்கத்துக் கொட்டாய்க்காரங்க போல்ட்டைத் தளர்த்திக் குடம் புடிக்கிறாங்க சார். தண்ணி வீணாவுதுன்னு மேல இருந்து தினம் திட்டு. மூடுனா நிக்குதேன்னு மூடிட்டேன்." அந்தக் கொட்டாயில் முப்பது வீடு இருக்கும். குழாய் அவர்கள் வாசல் வழியாகத்தான் போகிறது, ஆனால் இணைப்பு கிடையாது.

அறிக்கையில் வால்வு, வெல்டிங், கொட்டாய் மூன்றையும் எழுதினேன். மூன்றாவது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். நான் எடுக்கவில்லை, பின்னிணைப்புக்குத் தள்ளினேன். பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை என்று எனக்கும் தெரியும்.

இதைப் படித்துவிட்டு, ராயக்கோட்டைப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் எழுதியது:

சார், எங்கள் நிலத்தில் போவது தண்ணீர் இல்லை, எண்ணெய். குழாய் பதிக்க நிலத்தில் உரிமை எடுத்துக்கொள்ளும் 1962ஆம் வருடச் சட்டம். நிலம் நம் பெயரில்தான் இருக்கும், ஆனால் குழாய் போகும் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. அந்த உரிமைக்குச் சட்டம் சொல்லும் விலை நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, சரி, அது கிடக்கட்டும். கேட்க வந்தது வேறு. இரண்டு வருடம் முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பு ஓரம் பொக்லைன் விட்டார். பல் எதிலோ உரசி கிறீச்சென்றது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். எண்ணெய் ஒழுகவில்லை, வாடையும் இல்லை. இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா?

முதலில் எழுதியவர்:

அண்ணா, ஒழுகியிருந்தால் அன்றைக்கே தெரிந்து சரி செய்திருப்பார்கள். ஒழுகாத கீறல்தான் ஆபத்து. மேலே சுற்றிய பூச்சு பிய்ந்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். இரும்பில் பள்ளம் விழுந்திருந்தால் அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். அமெரிக்காவில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் 1994இல் பள்ளம் தோண்டும்போது அடிபட்ட பெட்ரோல் குழாய், 1999 ஜூனில் அழுத்தம் எகிறிய ஒருநாள் பிளந்தது. ஓடையில் ஓடிய பெட்ரோலின் ஆவியாலும் தீயாலும் மூன்று பேர் போய்விட்டார்கள், அதில் இருவர் பத்து வயதுப் பையன்கள். குழாய் ஓரம் நட்டிருக்கும் கம்பத்தில் போன் நம்பர் எழுதியிருக்கும். இடத்தை மட்டும் சொல்லுங்கள், அவர்களே தோண்டிப் பார்ப்பார்கள். யார் செய்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு நீங்கள் பதில் சொல்லாவிட்டாலும் அவர்கள் தோண்டியே ஆக வேண்டும்.

மாந்தோப்புக்காரர்:

கம்பத்தில் பெயின்ட் உரிந்து கடைசி இரண்டு எண் தெரியவில்லை. வாரம் ஒருமுறை குழாய் மேலேயே நடந்து போகும் பையன் ஒருவன் உண்டு, வந்தால் மோர் வாங்கிக் குடிப்பான். வியாழக்கிழமை வருவான். அவனிடம் சொல்லிவிடுகிறேன்.