புதுப்பிப்பு: சீழ் கட்டிய சிறுநீரகம் – லேப்ராஸ்கோப்பியா, திறந்த அறுவையா?

கல் அடைத்துச் சீழ் கோத்த அப்பாவின் வலது சிறுநீரகத்தை லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகக் கேமரா செலுத்திச் செய்யும் அறுவை) எடுப்பதா, திறந்த அறுவையிலா என்று கேட்டிருந்தேன். வழிகாட்டியவர்களுக்கு நன்றி. கும்பகோணத்தில் அறுவை முடிந்தது, நலமாக இருக்கிறார்.

கைகொடுத்தது, 'முதலில் முதுகு வழியாகக் குழாய் போட்டுச் சீழை வடியுங்கள்' என்ற யோசனை. காய்ச்சல் அடங்கிய பிறகே அறுவை. ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனில், மொத்த வேலையில் அந்தச் சிறுநீரகத்தின் பங்கு 8% தான்.

லேப்ராஸ்கோப்பியில்தான் தொடங்கினார்கள். நாள்பட்ட சீழால் முன்சிறுகுடலோடு ஒட்டிக்கிடந்ததால் திறந்த முறைக்கு மாறினார்கள். இதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். குடல் கிழியாமல் காக்கும் முடிவு அது. சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும்போதே இப்படி மாற வேண்டிவருமா என்று கேட்டுவிடுங்கள், ரத்தமும் ஏற்பாடு செய்து வையுங்கள்.

எதிர்பாராதது தோள்பட்டை வலி. லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்துவதால் வருவது, தானே போய்விட்டது. விலா ஓரத் தழும்பைச் சுற்றி மரமரப்பு இன்னும் இருக்கிறது. மீதமுள்ள ஒரு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் டைக்ளோபினாக் வகை வலிமாத்திரை கூடாது என்றிருக்கிறார்கள்.