ஈரல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை: 'வாழ்தகவு' பொருந்துமா?

வணக்கம்.

ஈரலில் புற்றுநோய்ப் பகுதியை வெட்டி எடுக்கும் முன்பே, நோயாளி இத்தனை ஆண்டு உயிரோடிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் எண்ணுக்கு 'பிழைவாய்ப்பு', 'பிழைப்பு', 'ஆயுட்கணிப்பு' என மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் இலங்கை மலையகத்தில் சிக்கலாகும். 'பிழைவாய்ப்பு' என்றால் தவறு நேரும் வாய்ப்பு என்றே காதில் விழும். ஹட்டன், பதுளைப் பக்கம் 'பிழைப்பு' என்றால் வேலை, கூலி. 'ஆயுட்கணிப்பு' சாதகம் பார்ப்பதாகிவிடும். கண்டியில் கிளினிக் வாசலில் நிற்கும் குடும்பத்திடம் அப்படிச் சொன்னால், டொக்டர் நாள் குறித்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளும்.

'வாழ்தகவு' என்கிறேன். பள்ளியில் நிகழ்தகவு படித்தவருக்கு விளக்கமே தேவையில்லை. ஆனால் காலம் சேர்க்காமல் எழுதவே கூடாது. '5 ஆண்டு வாழ்தகவு 0.6' என்றால், இதே நிலையிலுள்ள 100 பேரில் 60 பேரளவில் ஐந்தாம் ஆண்டு முடிவில் உயிரோடிருப்பர் என்று பொருள். வெட்டிய 90 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு வேறு கணக்கு. அது 'சத்திரசிகிச்சை இறப்பிடர்'. வெட்டிய பிறகும் 5 ஆண்டுக்குள் பெரும்பாலானோருக்கு நோய் திரும்புவதால் 'நோய்மீளா வாழ்தகவு' தனியே வேண்டும்.

'சத்திரசிகிச்சைக்கு முன்' என்ற அடையிலும் கண்டிப்பு வேண்டும். நுண்குருதிக்கலன்களுக்குள் புற்று ஊடுருவியதா என்பது, வெட்டிய துண்டை நோயியல் ஆய்வுகூடத்தில் பார்த்த பிறகே உறுதியாகும். அதைச் சேர்த்த சூத்திரம் சத்திரசிகிச்சைக்கு முந்தியது ஆகாது.

—

பதில்:

ஐயா, வாழ்தகவு நிற்கும். அதற்குள் போகும் எண்களுக்கும் பெயரோடு அலகையும் பதிய வேண்டும். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

அல்பி (ALBI) புள்ளியை எடுங்கள்; குருதியிலுள்ள அல்புமின் என்ற புரதம், பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் இரண்டின் அளவையும் வைத்து ஈரல் எப்படி இயங்குகிறது என்று காட்டும் எண் அது. பிலிருபினின் மடக்கையை (அடி 10) 0.66ஆல் பெருக்கி, அல்புமினின் 0.085 மடங்கைக் கழிக்க வேண்டும். பிலிருபின் லீற்றருக்கு 20 மைக்ரோமோல், அல்புமின் லீற்றருக்கு 38 கிராம் என்றால் விடை மறை 2.37 (-2.37). மறை 2.60 அல்லது அதற்குக் கீழ் முதல் தரம், மறை 1.39 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மிக மோசமான மூன்றாம் தரம். இவர் இரண்டாம் தரம். வயிற்றில் நீரும் மயக்கமும் இல்லாமல் குருதி உறைதலும் சீராயிருந்தால், ஈரலின் நிலையை ஏ, பீ, சீ என வகுக்கும் சைல்ட்-பியூ முறையில் இவருக்கு 5 புள்ளிதான், அதாவது மிக நல்ல 'ஏ' வகுப்பு. அந்த வகுப்புக்குள்ளேயே அல்பி பிரித்துக் காட்டுகிறது, அதுதான் அதன் பயன்.

ஆய்வுகூடத் தாளில் அல்புமின் டெசிலீற்றருக்கு 3.8 கிராம் என்றிருந்து, அதை அப்படியே போட்டால் விடை நேர் 0.54. ஆள் மூன்றாம் தரத்துக்குப் போய்விடுவார். பத்தால் பெருக்க வேண்டும். பிலிருபின் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் இருந்தால் 17.1ஆல். தொலைபேசியில் விடை சொல்லும்போது 'மறை' என்ற சொல்லை விடவே கூடாது.

இன்னொன்று. வைரஸால் ஈரல் கெட்ட நோயாளர் தரவில் செய்த கணிப்பு மாதிரிகள், கொழுப்பீரலும் மதுசாரமும் முதன்மைக் காரணங்களாயுள்ள நம் நாட்டில் ஆட்களைச் சரியாக வரிசைப்படுத்தினாலும், எண்ணைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடும். சரியாக வரிசைப்படுத்தும் திறனுக்கு 'பிரிதிறன்', சொன்ன எண் உண்மையோடு ஒத்துப்போவதற்கு 'எண்பொருத்தம்' என்று வைக்கலாம்.

வெட்டிய பின் உள்ளே விடப்படும் ஈரலுக்கு 'எஞ்சீரல்' வேண்டாம். வார்டில் சொல்லும் 'மிச்ச ஈரல்' போதும். சீ.டி. ஸ்கேனில் அளந்த கனவளவு வீதத்தை அதன் பக்கத்திலேயே எழுதலாம்: நல்ல ஈரலுக்கு 20 முதல் 25, கீமோ எடுத்தவருக்கு 30, சிரோசிஸ் (ஈரல் வடுப்பட்டு இறுகிய நிலை) உள்ளவருக்கு 40 வீதமாவது மிஞ்ச வேண்டும்.