மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ் பேசும் மனநல மருத்துவர் உண்டா?

உறவுகளே, வணக்கம். அப்பா இறந்தபின் அம்மா அடிக்கடி அழுதார். துக்கம்தானே, வந்து வந்து போகும், இடையில் சிரிப்பும் வரும் என்றிருந்தோம். இப்போது அழுகைகூட இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போன காலத்திலிருந்தே விடியுமுன் எழுபவர், பகல் முழுக்கப் படுத்திருக்கிறார். பேரன் மடியில் ஏறினாலும் கை அணைப்பதில்லை. நாட்டமின்மையும் தூக்கக் கோளாறும் பசியின்மையும் அநேகமாக நாள்தோறும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வு நோயா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். "கோயிலுக்குக் கூட்டிப் போ, சரியாகும்" என்கிறார் அத்தை. அது மட்டும் போதும் என்று விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அரசாங்க கிளினிக்கில் முதலில் யாரைப் பார்ப்பது? 15555 மனநல உதவி எண்ணில் தமிழில் பேசுவார்களா? அம்மாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. பெற்றோரை அழைத்துச் சென்றவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.