மொட்டைக்கறுப்பனில் எம்பிங்: ஜெல்லில் பட்டை தெளியவில்லை, உதவி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பன் நெல்லில் ‘எம்பிங்’ என்னும் தாவும் டி.என்.ஏ துண்டு எங்கெங்கே செருகியிருக்கிறது என்று பார்க்கிறோம். நீளம் 430 தளச்சோடிகள். செருகும் இடத்தில் டி.டி.ஏ என்ற மூன்றெழுத்து இரட்டிக்கும்.

டி.என்.ஏ பிரித்தெடுத்த முறை: ஏழு நாள் நாற்றின் இலை, 2% சி.டி.ஏ.பி (கலச்சவ்வை உடைக்கும் சவர்க்காரப் பொருள்) கரைசல், 1.4 மோலர் உப்பு, 65 பாகையில் 30 நிமிடம். பிறகு டி.என்.ஏவை எம்.எஸ்.இ-1 நொதியத்தால் வெட்டி, வெட்டிய முனைகளில் இணைப்பி (சிறு டி.என்.ஏ துண்டு) ஒட்டி, பிரதிகளைப் பெருக்க இரண்டு சுற்று பி.சி.ஆர். ஜெல்லில் தனித்தனிப் பட்டைகளுக்குப் பதிலாக வருவது இழுபட்ட கறைதான். டி.என்.ஏயின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.2தான்; இது குறைவு. பல்சக்கரைட்டுகள் மிஞ்சி நொதியத்தைத் தடுப்பதால் வெட்டு அரைகுறையாகிறது என்றே நினைக்கிறோம். இணைப்பி கூடிப்போனாலும் இப்படி வரலாம்.

நாற்றை 48 மணித்தியாலம் இருட்டில் வைத்து மாப்பொருளைக் குறைப்பதா, உப்பைக் கூட்டி எதனோலில் மீள வீழ்படிவாக்குவதா? செய்து பார்த்தவர்கள் அளவுகளோடு சொல்லுங்கள்.

ஒப்பீட்டுக்கு நிப்பொன்பாரே என்னும் யப்பானிய நெல்லின் டி.என்.ஏ 500 நானோகிராம் யாரிடமாவது கிடைக்குமா? அந்த நெல்லில் எம்பிங்கின் ஏறத்தாழ 50 பிரதிகள் உண்டு. விதையிலிருந்து வளர்த்த செடியினுடையதே வேண்டும். இழைய வளர்ப்பில் எம்பிங் இடம் மாறக்கூடும் என்பதால் அந்த மாதிரி உதவாது.