நீல ஒளி காட்டியும் பழைய புரியிடைத் தூரம் திரும்பவில்லை: என்ன காரணம்?

கேட்பவர்: ஆப்புக்கலம்
வணக்கம். 5சிபி என்ற நெமாட்டிக் திரவப் படிகத்தில் (மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுக்கும் திரவம்) டெல்டா வடிவக் குரோமியம் அணைவுச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கரைத்திருக்கிறேன். டெல்டாவும் லாம்டாவும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான வடிவங்கள். இந்தச் சேர்மம் படிகத்தின் அணிவகுப்பை முறுக்குகிறது; ஒரு முழு முறுக்கின் நீளமே புரியிடைத் தூரம். உலோகத்தோடு பிணைந்த மூன்று பீட்டா-டைகீட்டோனேட் ஈனிகளிலும், ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீன் கை உண்டு. ஆப்பு வடிவக் கலத்தில் 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டதும், முறுக்கைக் காட்டும் கோடுகள் விலகுகின்றன, அதாவது புரியிடைத் தூரம் கூடுகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளியில் நெருங்கி வருகின்றன, ஆனால் பழைய இடத்தை எட்டுவதில்லை. எங்கே பார்ப்பது?

பதில்: இருட்டறை
நீல ஒளி எல்லா அசோபென்சீன் கைகளையும் பழைய நீண்ட, மாறுபக்க வடிவத்துக்குத் திருப்பிவிடாது. இரு பக்க மாற்றங்களும் ஈடாகும் ஒளிச் சமநிலையில், புற ஊதா உண்டாக்கிய வளைந்த, ஒருபக்க வடிவம் கொஞ்சம் தங்கியே தீரும். கலத்தை இருட்டில் 60 டிகிரியில் வைத்திருந்து, ஆறவிட்டுப் பாருங்கள். ஒளியூட்டும்போது வெப்பநிலையையும் கவனியுங்கள். 5சிபி 35 டிகிரியிலேயே திரவப் படிக நிலையை இழந்து சாதாரணத் திரவமாகத் தெளிந்துவிடும்.

ஆப்புக்கலம்
இருட்டில் வைத்தும் இடைவெளி மிஞ்சுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டும் போகிறது.

பதில்: எண்முகி
கூடுகிறது என்றால் அசோபென்சீனை விடுங்கள். ஒளிச் சமநிலையால் வரும் குறை ஓரளவில் நின்றுவிடும், வளராது. என் சந்தேகம் குரோமியத்தின் மேல்தான். இப்படி மூன்று டைகீட்டோனேட் ஈனிகள் கொண்ட குரோமியம் ஒளியை உறிஞ்சும்போது டெல்டா வடிவம் லாம்டாவாகப் புரளக்கூடும். போகப்போக இரண்டும் சம அளவில் கலந்த, முறுக்காத சுழிமாய்க் கலவையாகிவிடும். புரியிடைத் தூரம் செறிவுக்கும் ஒளியியல் தூய்மைக்கும் (ஒரு வடிவம் மற்றதைவிட எவ்வளவு மிகுதி என்பது) எதிர்விகிதத்தில் இருப்பதால், தூய்மை 100-லிருந்து 80 சதவீதமாக இறங்கினாலே அது 1.25 மடங்காகும்.

சோதிப்பது எளிது. அசோபென்சீன் கை இல்லாத அதே வகைச் சேர்மத்தை 5சிபியில் கரைத்து 365-ஐக் காட்டுங்கள். அதிலும் கோடுகள் விலகி, திரும்பாமல் நின்றால் குற்றவாளி உலோக மையம். பிறகு ஒளி பட்ட கலவையை இருட்டில் தளர்த்தி, கரைப்பானில் கரைத்து, உறிஞ்சுநிரலையும் வட்ட இருநிறத்தன்மையையும் (இடஞ்சுழி, வலஞ்சுழி ஒளிகளை உறிஞ்சுவதில் உள்ள வேறுபாடு) சேர்த்தே எடுங்கள். முதலாவது அப்படியே இருந்து இரண்டாவது மட்டும் தேய்ந்தால் புரள்தல். இரண்டும் தேய்ந்தால் சேர்மம் சிதைகிறது, அல்லது படிவாகப் பிரிந்துவிட்டது.

ஆப்புக்கலம்
கை இல்லாத சேர்மத்திலும் கோடுகள் விலகின. உறிஞ்சுநிரல் மாறவில்லை, இருநிறக் குறி தேய்ந்திருக்கிறது. பச்சை ஒளிக்கு இசையும் ஃபுளூரின் ஏற்றிய அசோபென்சீனுக்கு மாறினால் தப்பலாமா?

எண்முகி
அந்த ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் குரோமியம் தானே ஒளியை உறிஞ்சும் டி-டி பட்டை 560 நானோமீட்டர் அருகில்தான் இருக்கிறது. பச்சையையும் அது விழுங்கும். ஈனியில் கைரல் கார்பன் (இடக்கை, வலக்கை போல இரு வடிவம் கொள்ளக்கூடிய கார்பன்) ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். உலோகம் புரண்டாலும் கார்பனின் கைப்பக்கம் ஒளியால் மாறாது. முறுக்கு முழுவதும் கைவிட்டுப் போகாது. ஆனால் அப்போது டெல்டாவும் லாம்டாவும் ஆடிப் பிம்பங்கள் அல்ல. சமநிலை ஒரு பக்கம் சாயலாம், முறுக்கும் திறனையும் புதிதாக அளக்கவேண்டி வரும்.